அழைக்கிறவர் பெயர்

அரைமாடி என்று சொன்னால் லிஃப்ட் வைத்த கட்டடங்களின் காவலாளிகள் எல்லாருக்கும் ஆளைத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தான் பழுது பார்த்த லிஃப்டிலேயே ஏறி, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, ஒரு மத்தியானம் முழுக்க உள்ளே உட்கார்ந்திருந்தவர். கதவை நெம்பித் திறந்தபோது வெளியே கூட்டம் பதறிக்கொண்டு நிற்க, இவர் நிதானமாக, "ஃபேன் நல்லாத்தான் ஓடுது" என்றாராம். அன்று வைத்த பெயர் தலை நரைத்த பிறகும் போகவில்லை. அப்படிக் கூப்பிடாதே என்று அவரும் யாரிடமும் சொன்னதில்லை. எதையும் வாய்விட்டுச் சொல்கிற சுபாவம் அவருக்குக் கிடையாது.

பேச வேண்டியதையெல்லாம் அவருக்காக மனைவி பேசினார். பள்ளிக்கூடத்தில் மகளுக்கு இடம் கேட்பது, வீட்டு உரிமையாளரிடம் ஒழுகுகிற குழாயைப் பற்றிச் சண்டை போடுவது, சொந்தக்காரர்களுக்குள் வந்த மனஸ்தாபத்தைத் தீர்த்துவைப்பது, எல்லாம் அந்த அம்மாள்தான். இவர் பின்னால் நின்று தலையாட்டுவார். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, அந்த உத்தியோகத்தை மகள் எடுத்துக்கொண்டாள். மகள் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நாள் முழுக்கச் சமாதானப்படுத்துகிறவளுக்கு ஓர் அப்பாவைச் சமாளிப்பது பெரிய காரியமா? கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம் போன பிறகும், அப்பா வீட்டில் உப்பு தீர்ந்துபோனால் அவருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அதனால்தான் மூக்குக்கண்ணாடிக் கடை விஷயத்தையும் அவளே முதலில் கண்டுபிடித்தாள்.

"அப்பா, உங்க பை நிறைய ஸ்க்ரூ டிரைவர் கிடக்கு. பெருசு, சின்னது, ஊசி மாதிரி இருக்கிறது, எல்லாம் இருக்கு. கண்ணாடி ஸ்க்ரூவை இறுக்கறதுக்கு எதுக்கு வாராவாரம் கடைக்குப் போறீங்க?"

அவர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். காது இரண்டும் சிவந்துபோயின. மகள் அதற்குமேல் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கடைக்கு நேரே போய், தனக்கு ஒரு வெயில் கண்ணாடி வேண்டும் என்று சொல்லி, அங்கே கண் பரிசோதித்துக் கண்ணாடி பொருத்தித் தருகிற அம்மாளை ஆற அமரப் பார்த்துவிட்டு வந்தாள்.

அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கைக்குழந்தையோடு இருந்தபோதே கணவர் விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மகனைத் தனியாளாக வளர்த்தார். இப்போது அவன் ஒரு ரொட்டிக்கடை அடுப்படியில் வேலை பார்க்கிறான். பட்டென்று பேசுகிற பெண்மணி. வந்திருப்பது யார் என்று சாடையை வைத்தே ஊகித்துவிட்டார்.

"உங்கப்பா ரொம்ப நல்ல மனுஷன்மா. ஆனா அவர் மனசுல இருக்கிறதைச் சொல்றதுக்குள்ள எனக்குக் கண்ணு மங்கிடும் போலிருக்கு" என்றார்.

மகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கடைசியில் இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் ரொட்டிக்கடைப் பையனுமாகச் சேர்ந்து பேசி முடித்தார்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, அதன்பின் ஒரு சின்ன மண்டபத்தில் நெருங்கியவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு.

அரைமாடிக்கு அதுவே அதிகம். காதும் காதும் வைத்தாற்போல முடித்துவிட்டு, வேண்டியவர்களுக்குப் பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். மகள் விடவில்லை.

"கார்டு அடிக்கணும்ப்பா."

"இந்த வயசுல கார்டா? எல்லாரும் சிரிப்பாங்கம்மா."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. கார்டு இல்லாம பண்ணினா என்னமோ தப்பு பண்ற மாதிரி இருக்கும். நீங்க என்ன தப்பா பண்றீங்க?"

"இல்ல... என் பேரைப் போட்டு, நானே எல்லாரையும் வா வான்னு கூப்பிடறது..." என்று இழுத்தார்.

"நீங்க ஏன் கூப்பிடறீங்க? நாங்க கூப்பிடறோம். நானும் தம்பியும்."

ரொட்டிக்கடைப் பையனை அவள் அதற்குள் தம்பி ஆக்கியிருந்தாள். அவனும் வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிட்டான். பிள்ளைகள் அழைப்பது என்று ஆனதும் அரைமாடிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பழக்கப்பட்ட இடமான பின்வரிசை அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

அச்சகம் ஒரு முட்டுச்சந்தில் இருந்தது. குறுகலான முன்னறை, கண்ணாடி மேசை, சுவர் முழுக்க மாதிரி அட்டைகள். உள்ளே இயந்திரம் ஓடுகிற சத்தம் தரையில் அதிர்ந்தது. மை வாசனையும் புதுக் காகித வாசனையும் கலந்து அடித்தன. அச்சகக்காரர் சுறுசுறுப்பான மனிதர். அப்பாவும் மகளும் உள்ளே வந்ததுமே தடிமனான ஆல்பம் ஒன்றைத் தூக்கி மேசைமேல் போட்டார்.

"வாங்க சார், வாங்க. பொண்ணுக்கா, பையனுக்கா?"

அரைமாடி சுவரிலிருந்த அட்டைகளைப் படிக்க ஆரம்பித்தார். மகள்தான் சொன்னாள்.

"எங்க அப்பாவுக்கு."

அச்சகக்காரர் ஒரு விநாடிதான் திகைத்தார். ரோஜாப்பூவும் ஜோடிப் பறவைகளும் உள்ள ஆல்பத்தைச் சட்டென்று மூடி, வேறொன்றை எடுத்தார். "அருமை! இதுல பாருங்க, எல்லாம் கொஞ்சம் அடக்கமா இருக்கும்."

அடக்கமானதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளிர் நிற அட்டை, ஓரத்தில் ஒரே ஒரு கோடு. அடுத்தது வாசகம். இங்கேதான் அச்சகக்காரர் தடுமாறினார். அவரிடம் இருந்த வாசகங்கள் எல்லாமே பெற்றவர்கள் பிள்ளைகள் கல்யாணத்துக்கு அழைப்பவை. பேனாவால் காதைச் சொறிந்து, கூரையைப் பார்த்து, பிறகு மேசையைத் தட்டினார்.

"அப்படியே திருப்பிப் போட்டுட்டா என்ன? 'எங்கள் பெற்றோரின் திருமணத்துக்கு உங்களை அன்புடன் அழைக்கிறோம்.' கீழே மகள், மகன்னு உங்க ரெண்டு பேர் பேரு. எப்படி?"

"நல்லாருக்கு" என்றாள் மகள்.

சொன்ன விதத்தில் ஒரு தடங்கல் இருந்ததை அரைமாடி கவனித்தார். மாலையில் புரூஃப் மகளுடைய போனுக்கு வந்தது. ரொட்டிக்கடைப் பையன் பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா, அடிக்கச் சொல்லிடுங்க" என்று பதில் போட்டான். கண்ணாடிக்கடை அம்மாள் மட்டும், "உனக்கு சரியாம்மா?" என்று கேட்டு அனுப்பினார். மகள் அதற்குப் பதில் போடவில்லை. அச்சகத்துக்கும் சரி என்று சொல்லவில்லை. நாள்கள் போய்க்கொண்டிருந்தன. அச்சகக்காரர் அரைமாடிக்கே போன் பண்ணிக் கேட்டுவிட்டார். கேட்டால் மகள், "ஆஸ்பத்திரியில கூட்டம்ப்பா, நாளைக்கு பார்க்கறேன்" என்று பூசி மெழுகினாள்.

இதற்கு நடுவில், சொல்ல வேண்டிய ஓர் ஆளுக்கு அரைமாடி இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. அது அவருடைய மச்சான், இறந்துபோன மனைவியின் அண்ணன். பெரிய சாலை ஓரத்தில் டயர் கடை வைத்திருப்பவர். முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, செய்தித்தாளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, ஊர் உலகத்தைத் திட்டிவிட்டு, இரண்டு டீ குடித்துவிட்டுப் போகிறவர். தங்கை போன பிறகும் ஒரு வாரம்கூட அந்த வழக்கத்தை விட்டதில்லை. இந்த ஞாயிறு சொல்லிவிடலாம், இந்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று அரைமாடி நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்கிக்கொண்டே இருந்தார்.

அடுத்து வந்த ஞாயிறு மச்சான் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவுமில்லை. ஏதோ சரியில்லை என்று தோன்றிவிட்டது. திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியிலேயே டயர் கடையில் வண்டியை நிறுத்தினார்.

மச்சான் ஒரு சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"என்ன மச்சான், நேத்து வரல?"

"ஓட்டை எங்கேன்னு பார்த்துட்டிருக்கேன்."

"உடம்பு சரியில்லையோன்னு..."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல மாப்பிள்ளை." சக்கரத்தை எடுத்துக் கீழே போட்டார். தண்ணீர் அரைமாடியின் கால்சட்டையில் தெறித்தது. "சனிக்கிழமை அந்த அச்சகக்காரன் பஞ்சர் ஒட்ட வந்தான். புதுசா ஒரு கார்டு அடிக்கிறேன், இந்த மாதிரி நான் அடிச்சதே இல்லன்னு போனை நீட்டினான். பாவம், அவனுக்கு என்ன தெரியும், நான் யாருன்னு? என் தங்கச்சி புருஷன் கல்யாணத்தை நான் பஞ்சர் ஒட்ட வந்தவன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா?"

அரைமாடி குனிந்து, கால்சட்டையில் தெறித்த தண்ணீரைத் துடைத்தார்.

"சொல்லணும்னுதான் மச்சான்..."

"நீ தனியா கிடக்கணும்னு நான் சொன்னேனா? ஒரு நாள் சொல்லியிருக்கேனா? கட்டிக்கோ, சந்தோஷமா இரு. ஆனா 'எங்கள் பெற்றோர்'னு போட்டிருக்கே, அதைத்தான் என்னால தாங்க முடியல. பெத்தவன்னா பெத்தவதான் மாப்பிள்ளை. உன் பொண்ணைப் பெத்தவ ஒருத்திதான். அவ என் கூடப் பிறந்தவ." குரல் உடைந்தது. அதை மறைக்க, உள்ளே இருந்த காற்றடிக்கிற இயந்திரத்தைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் யாரும் எதுவும் பேசிக்கொள்ள முடியாது.

அன்று அரைமாடிக்கு ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. உச்சியில் மெஷின் ரூம். கிரீஸ் மணக்கிற, உஷ்ணமான, ஜன்னல் இல்லாத அறை. லிஃப்ட் ஏறி இறங்கும்போது இரும்பு ரோப் சக்கரத்தின்மேல் வழுக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபம் வந்தது. முதலில் அச்சகக்காரர்மேல் வந்தது. அடுத்தவர் வீட்டுக் காரியத்தை டயர் கடையில் காட்டுவானேன்? பிறகு மச்சான்மேல் வந்தது. ஒரு வார்த்தைக்கா இத்தனை? அதற்குப் பிறகு கோபத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. யோசிக்க யோசிக்க, அந்தத் தடங்கலோடு "நல்லாருக்கு" என்று சொன்ன மகளின் குரல்தான் காதில் விழுந்தது.

அந்த வார்த்தையை அவளா தேடிப் போனாள்? இவருக்கு வெட்கம். இவர் பெயரில் அழைக்கக் கூச்சம். அதனால் அவள் முன்னால் வந்து நின்றாள். பிள்ளைகள் அழைப்பது என்றால் கல்யாணம் யாருடையது என்று சொல்லித்தானே ஆகவேண்டும்? அப்பா கல்யாணத்துக்கு மகளைக் கூப்பிட வைத்தது யார்? ஆயுசு முழுக்க மனைவி முதுகுக்குப் பின்னால் நின்றவர், இப்போது மகள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். அந்த முதுகுக்கு வலிக்குமா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாரா?

சாயங்காலம் நேரே பல் ஆஸ்பத்திரிக்குப் போனார். கூட்டமே இல்லை. மகள் மேசையில் பேனாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நோயாளிகள் உட்காருகிற நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"பல்லு வலியாப்பா?" என்றாள், பாதி விளையாட்டாக.

"அந்தக் கார்டு உனக்குப் பிடிக்கலதானே?"

"அப்படியெல்லாம் இல்ல."

"சொல்லும்மா."

பேனாக்களைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். "எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்குப்பா. நெஜமா பிடிச்சிருக்கு. அவங்க வந்தா உங்க வீடு வீடா இருக்கும். ஆனா அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அம்மாவை எங்கேயோ வெளியில நிறுத்தி வச்சுட்டு நாங்க உள்ளே சாப்பிடற மாதிரி இருக்கு. நான்தான் கார்டு கார்டுன்னு குதிச்சேன். இப்ப போய் எப்படி மாத்திச் சொல்றது? அவங்க மனசு கஷ்டப்படாதா?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஊரார் வலியையெல்லாம் வாங்கி வைக்கிற அந்த மேசைக்குப் பின்னால் மகள் அழுவதை அவர் அன்றுதான் பார்த்தார். எழுந்து போய் அவள் தலையைத் தொட்டார். மனைவி இருந்திருந்தால் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருப்பார். இவருக்கு ஒரு வார்த்தைதான் வந்தது.

"நான் பார்த்துக்கறேன்."

அங்கிருந்து கண்ணாடிக்கடைக்குப் போனார். அந்த அம்மாள் கடையை மூடுகிற நேரம். நடந்ததையெல்லாம் கோர்வையில்லாமல், முன்னும் பின்னுமாகச் சொன்னார். அவர் இவ்வளவு பேசி அந்த அம்மாள் கேட்டதே இல்லை. குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

"எனக்கு அன்னைக்கே தோணிச்சு. அதான் அவகிட்ட கேட்டேன். எனக்கும் பெத்த பிள்ளை ஒருத்தன்தானே? உங்க பொண்ணுக்கு நான் அம்மா இல்ல. ஆகணும்னு ஆசையும் இல்ல. அவளுக்கு ஒரு தலைவலி வந்தா சொல்றதுக்கு இன்னொரு ஆள், அவ்வளவுதான். அது போதும். இந்தக் கல்யாணம் உங்களுக்கும் எனக்கும்தானே? பிள்ளைங்க தலையில ஏன் கட்டணும்?"

"அதேதான் நானும் நினைச்சேன்" என்றார் அரைமாடி. நினைத்ததை யாராவது சொல்வதற்கு முன்னால் தானே சொல்லியிருக்கலாமே என்று இந்தத் தடவை அவருக்குத் தோன்றியது.

மறுநாள் தனியாக அச்சகத்துக்குப் போனார். அச்சகக்காரருக்குச் சேதி எட்டியிருந்தது போலும். முகம் சுண்டிப்போய் எழுந்து நின்றார்.

"சார், அந்த டயர் கடைக்காரர் உங்க சொந்தம்னு எனக்கு சத்தியமா தெரியாது."

"பரவாயில்ல. இனிமே பஞ்சர் ஒட்டும்போது போனைப் பையிலேயே வச்சிருங்க" என்றார் அரைமாடி. "வாசகத்தை மாத்தணும். நான் சொல்றேன், எழுதிக்குங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டார். முதலில் தன் பெயரைச் சொன்னார். அரைமாடி இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் பிறகு யாரும் முழுசாகக் கூப்பிடாத பெயர். அடுத்து அந்த அம்மாளின் பெயர்.

"'நாங்கள் இருவரும் திருமணம் செய்துகொள்கிறோம். நீங்கள் வந்திருந்து எங்களோடு சாப்பிட வேண்டும்.' அவ்வளவுதான்."

அச்சகக்காரர் தான் எழுதினதைப் படித்துப் பார்த்தார். "சார், கல்யாண கார்டுல 'சாப்பிட'ன்னு யாரும் போடறதில்ல. 'விருந்தில் கலந்துகொண்டு சிறப்பிக்க'ன்னு போடலாம்."

"சிறப்பிக்க வேண்டாம். சாப்பிட்டாப் போதும்."

"அப்ப கீழே அழைப்பவர்கள்னு யார் பேரு?"

"மேலேயே இருக்கே. நாங்கதான்."

கார்டுகள் கைக்கு வந்ததும் முதல் கார்டை எடுத்துக்கொண்டு டயர் கடைக்குப் போனார். மகள் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டார். மச்சான் அவரைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த இரும்புப் பட்டையைக் கீழே வைத்தார். அரைமாடி கார்டை நீட்டினார்.

"முதல்ல உன்கிட்ட சொல்லியிருக்கணும் மச்சான். எனக்கு தைரியம் இல்ல."

மச்சான் கார்டைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் கரிக்கை. உள்ளே போய், வெகுநேரம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, கார்டை வாங்கினார். படித்தார். இரண்டே வரிதான். ஆனால் நீண்ட கடிதம் படிக்கிறவர் மாதிரி நேரம் எடுத்துக்கொண்டார்.

"உங்க ரெண்டு பேர் பேர்லயே போட்டுட்டீங்களா?"

"ஆமா."

"நல்லது." கார்டை உறைக்குள் வைத்தார். "ஆனா மாப்பிள்ளை, நான் வருவேன்னு எதிர்பார்க்காதே. கோபம் இல்ல. அங்க வந்து நின்னா அவ ஞாபகம் வரும், நான் எதையாவது பேசிடுவேன். உங்க நல்ல நாள் கெட்டுப்போகும்."

"சரி மச்சான்."

"உங்க அக்கா வருவா." தன் மனைவியைச் சொன்னார்.

சொன்னபடியே கல்யாணத்தன்று மச்சான் வரவில்லை. அவர் மனைவி வந்தார். வந்து, மகளைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பரிமாறுகிறவர்களை அதட்டி வேலை வாங்கினார். ரொட்டிக்கடைப் பையன் தன் கையாலேயே செய்த பெரிய கேக் ஒன்றை வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது அரைமாடியின் பேனா எழுதவில்லை, மகள்தான் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். காவலாளிகள் ஏழெட்டுப் பேர் சீருடையைக் கழற்றிவிட்டு நல்ல சட்டையில் வந்திருந்ததால், யார் யார் என்று அடையாளம் தெரியாமல் அரைமாடி எல்லாரிடமும் பொதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் அன்று அவர் கவனித்திருக்க மாட்டார். வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் வந்த ஞாயிறுகளில் செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அவர் போன் பண்ணவில்லை. சில விஷயங்களை நெம்பித் திறக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். புது மனைவி காரணம் கேட்கவில்லை.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மச்சான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்ற புது மனைவியின் ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். துணி உலர்த்தக் கீழே போயிருந்த அந்த அம்மாள் அவரைப் பார்த்துவிட்டு அருகே போனார். இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று மேலே கேட்கவில்லை. இறங்கிப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு, அடுப்பில் இன்னொரு ஆளுக்கும் சேர்த்து டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

சற்று நேரத்தில் அந்த அம்மாள் மட்டும் மேலே வந்தார்.

"பின் டயர் வழுக்கையாப் போச்சாம். மழைக்கு முன்னாடி மாத்தியே ஆகணுமாம். நாளைக்குக் கடைக்கு எடுத்துட்டு வரச் சொல்றாரு."

"வேற என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. என்னை எப்படிக் கூப்பிடறதுன்னு அவருக்குத் தெரியல, பாவம். ரெண்டு தடவை இருமினாரு, ஒரு தடவை 'இங்க பாருங்க'ன்னாரு." சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து கோப்பைகளை எடுத்தார். "நானும் அவரை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியாம சும்மா தலையாட்டிட்டு வந்தேன்."

"போயிட்டாரா?"

"இல்ல. கீழேதான் நிக்கிறாரு, முன் டயர்ல காத்து கம்மியா இருக்காம். டீயை நீங்களே எடுத்துட்டுப் போங்க."